கூட்டத்தை உட்கார வைத்த கதை

போன வாரம் உங்கள் ஒத்திகையைப் பார்க்க வந்திருந்தேன். முழங்கால் இரண்டும் என்னைக் கேட்காமலே ஓய்வு வாங்கிக்கொண்ட பிறகு, நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதுதான் என் கலைச்சேவை. டீ குடிக்கும் நேரத்தில் உங்களில் ஒரு பெண் வந்து கேட்டாள்: "ஏனுங்க அக்கா, கூட்டம் கைமீறிப் போச்சுன்னா மேடைல நிக்கறவங்க என்னங்க பண்றது?" நான் பதில் சொல்வதற்குள் அடுத்த பாட்டுக்கு ஆள் கூப்பிட்டுவிட்டார்கள். எழுதித் தருகிறேன் கண்ணு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் என் பாதி வாழ்க்கை வந்து நிற்கிறது. எப்படிப் பாடுவது, மைக்கை எங்கே பிடிப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

குழுவுக்குப் புதிதாக வந்தவர்கள் என்னைப் பார்த்ததும் முதலில் இங்கிலீஷில் பேசுகிறீர்கள். தப்பில்லை, திருப்பூரே அப்படித்தான் ஆரம்பித்தது. என் அப்பா கானா நாட்டுக்காரர். நூற்பு படிக்கக் கோயம்புத்தூருக்கு வந்தவர், சோமனூரில் தறி வைத்திருந்த குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே மில்லில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அந்தப் பெண்தான் என் அம்மா. நிறம், சுருட்டை முடி, உயரம் எல்லாம் அப்பா கொடுத்தது. வாய் மட்டும் அம்மா வீட்டுச் சீதனம்.

போஸ்டரில் 'சோமனூர் எஸ்தர்' என்று போடுவார்கள். பெயரை மட்டும் பார்த்து நிகழ்ச்சிக்குப் பேசியவர்கள், நான் ஆட்டோவை விட்டு இறங்கியதும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "எஸ்தர் அக்கா வரலீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். "வந்துட்டாங்க, டீ கேக்கறாங்க" என்பேன். அந்தச் சிரிப்பிலேயே பாதி நிகழ்ச்சி முடிந்த மாதிரி.

என்னென்ன வேலை செய்தேன் என்றால் எனக்கே மூச்சு வாங்கும். மெல்லிசைக் குழுவில் பாட்டு. பனியன் கம்பெனிகளின் ஆயுத பூஜை விழாக்களில் ஆட்டம். ஊர் ஊராக விழிப்புணர்வு நாடகம். கல்யாண மண்டபங்களில் நிகழ்ச்சித் தொகுப்பு. சர்ச்சில் டிரம். ஆள் குறைந்தால் பொம்மலாட்டத்தில் கையும் குரலும். இதற்கு நடுவில், வெளிநாட்டு ஆர்டருக்குத் தைத்த சேம்பிள் சட்டையைப் போட்டுக் காட்டச் சொல்லிக் கம்பெனிகளில் கூப்பிடுவார்கள். தோள் சரியாக இருக்கிறதா, கை நீளம் போதுமா என்று நாலு பேர் என்னைச் சுற்றி வந்து பார்ப்பார்கள். அந்த வேலையும் ஒரு மேடைதான். ஆனால் அங்கே கைதட்டல் கிடையாது, குண்டூசிதான் குத்தும்.

எனக்கு இருபது வயது இருக்கும்போது ஒரு கம்பெனி ஆயுத பூஜைக்குப் பாடக் கூப்பிட்டார்கள். போனால், மேனேஜர் ஒரு பையை நீட்டினார். உள்ளே இலைதழை ஒட்டிய பாவாடை. "உங்க ஊர் டான்ஸ் ஒண்ணு ஆடுங்கம்மா, லேபர்ஸ் எல்லாம் ஆசைப்படறாங்க" என்றார். நான் பையைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். "எங்க ஊரு சோமனூருங்க. அங்க தறி ஓட்டுவாங்க, ஆடமாட்டாங்க" என்றேன். பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியன் சிரித்த சிரிப்பில் மேனேஜரும் சிரித்துவிட்டார். பாவாடை பைக்குள் போயிற்று, நான் பாட்டுப் பாடிவிட்டு வந்தேன். சிரிக்க வைத்துவிட்டு மறுத்தால் எதிரில் இருப்பவருக்கும் மரியாதை மிஞ்சும். கோபத்தில் மறுத்திருந்தால் அன்றைக்குப் பாட்டும் போயிருக்கும்.

ஆனால் ஒன்று மட்டும் என்னிடம் தீராமலே இருந்தது. நான் எங்கே நின்றாலும் தனியாகத்தான் தெரிவேன். பள்ளிக்கூடத்துக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் மூன்று ஞானிகளில் கறுப்பு ஞானி வேஷம் வருஷா வருஷம் எனக்கே வரும். யாருக்கும் யோசனையே வேண்டியிருக்காது. குழு நடனத்தில் நின்றால் என்னை நடுவில் இழுத்து விடுவார்கள். போஸ்டரில் என் தலை பெரிதாகவும் மற்றவர்கள் தலை வடை அளவிலும் இருக்கும். பேரும் புகழும் எனக்குக் கசந்தது என்று பொய் சொல்லமாட்டேன், ருசியாகத்தான் இருந்தது. இருந்தாலும், பத்துப் பேரோடு பதினோராவது ஆளாக ஒரு தடவையாவது ஆட வேண்டும், யாரும் என்னைத் தனியாகப் பார்க்கக் கூடாது என்கிற ஆசை உள்ளே கிடந்தது. மேடைக்காரிக்கு வரக்கூடாத ஆசைதான். வந்துவிட்டது, என்ன செய்வது.

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு வேலம்பாளையத்தில் ஒரு கம்பெனி விழாவுக்குப் போயிருந்தேன். முடிந்து வெளியே வந்தால், பக்கத்துக் காலி மைதானத்தில் கைத்தட்டல் சத்தம். ஷிப்ட் முடித்த பெண்கள் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு வட்டமாக நின்று வள்ளிக்கும்மி பழகிக்கொண்டிருந்தார்கள். தினைப்புனம் காத்த வள்ளியை முருகன் கிழவன் வேஷத்தில் வந்து ஏமாற்றி, யானையை விட்டுப் பயமுறுத்தி, கடைசியில் கல்யாணம் செய்துகொள்ளும் கதை. நடுவில் நின்று வாத்தியார் பாடுவார், சுற்றி நிற்பவர்கள் கும்மியடித்து ஆட வேண்டும். நான் பார்த்தது கதையை அல்ல. அந்த வட்டத்தில் முதல் ஆள் யார், கடைசி ஆள் யார் என்று சொல்லவே முடியவில்லை. நின்ற இடத்திலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வாத்தியார் என்னைவிட ரொம்ப இளையவர். பகலில் துணி வெட்டும் பிரிவில் வேலை, சாயங்காலம் கும்மி. நானும் சேரலாமா என்று கேட்டேன். கேட்டுவிட்டு, நான் சர்ச்சுக்குப் போகிறவள், அரங்கேற்றம் முருகன் கோயிலில் ஆயிற்றே என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. "கல்யாணமுங்க அக்கா. பொண்ணு ஊட்டுப் பக்கம் எத்தன பேரு வந்தாலும் பத்தாதுங்க. செருப்பை அக்கட்டால உட்டுட்டு வாங்க."

இருபது வருஷத்துக்கு மேல் மேடை ஏறியவள், கும்மியா பெரிய விஷயம் என்று நினைத்தேன். அடவுகள் சீக்கிரமே வந்துவிட்டன. அதற்கு மேல் கொஞ்சம் தோளைக் குலுக்கினேன், கழுத்தை ஒரு வெட்டு வெட்டினேன், திரும்பும்போது ஒரு சிரிப்பு. வாத்தியார் பாட்டை நிறுத்தினார்.

"அக்கா, நீங்க ஆடறது நெம்ப நல்லா இருக்குதுங்க" என்றார். நான் தலையாட்டி ஏற்றுக்கொண்டேன். "அதுதானுங்க பிரச்சினை" என்று முடித்தார்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. "உங்க கைச்சத்தம் தனியாக் கேக்குது. பக்கத்துல நிக்கறவங்க சத்தத்துக்குள்ள உங்க சத்தத்தைக் கொண்டுபோய் வைங்க. எங்க காதுக்கு எத்தன பேரு தட்டறாங்கன்னு தெரியக்கூடாது."

எனக்கு இதுவரை கிடைத்த பாடங்களிலேயே கஷ்டமானது அதுதான். கூட்டத்தின் கண்ணை இழுக்கத் தெரிந்த எனக்கு, அதைத் திருப்பிக் கொடுக்கத் தெரியவில்லை. மாதக்கணக்கில் பழகினேன். என் பக்கத்தில் நின்றவள் சரசு. தைத்த பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற செக்கிங் பிரிவில் வேலை. அந்தக் கண்ணை வீட்டுக்கு எடுத்துப் போவாளோ என்னவோ, கும்மிக்குக் கண்டிப்பாக எடுத்து வருவாள். "எஸ்தருங்க, எடது கால் கொஞ்சம் முன்னாடியே போவுதுங்க" என்று என் காலை அவள்தான் பிடித்து நிறுத்தினாள். திரும்பும் அடவில் ஒருவர் இன்னொருவர் உள்ளங்கையில் தட்ட வேண்டும். அவள் கை காய்ப்பு ஏறிய கை, சுளீரென்று விழும். ஒருநாள் என் சத்தம் எனக்கே தனியாகக் கேட்கவில்லை. வாத்தியாரும் நிறுத்தாமல் அடுத்த பாட்டுக்குப் போனார். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அரங்கேற்றத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது விழாக் கமிட்டி ஃபிளெக்ஸ் வைத்தது. அதில் முருகன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், கிட்டத்தட்ட ஒரே அளவு. 'புகழ்பெற்ற சோமனூர் எஸ்தர் பங்கேற்கும்' என்று எழுத்து. மற்ற பெண்களின் பெயர் எங்கேயும் இல்லை. ஓடிப்போய்க் கமிட்டிக்காரரைக் கேட்டேன். "கூட்டம் வரோணுமுங்களே" என்றார், ஏதோ எனக்கு உபகாரம் செய்த முகத்தோடு.

அன்று பயிற்சிக்குப் போனால் யாரும் என்னோடு பேசவில்லை. கொங்குக்காரர்கள் சண்டை போட்டாலும் 'ங்க' போட்டுத்தான் போடுவோம். அன்றைக்கு 'ங்க'வும் இல்லை, சண்டையும் இல்லை. கடைசியில் சரசுதான் வாயைத் திறந்தாள்.

"உங்களைக் குத்தஞ் சொல்லலீங்க. நீங்க எத்தனையோ மேடை பாத்தவங்க. நான் பள்ளிக்கூடத்துலகூட மேடை ஏறுனதில்லீங்க. ஒறம்பரை, சொந்தக்காரங்க எல்லாம் காங்கேயத்துல இருந்து வண்டி பேசி வர்றாங்க. எங்க ஊட்டுக்காரரு சாயப்பட்டறைல ஞாயித்துக்கெழம அரை நாள் லீவு சொல்லிட்டு வர்றேங்கறாரு. கல்யாணமாகி இத்தன வருசத்துல அவரு என்னைய நின்னு பாத்ததே இல்லீங்க. அன்னிக்கும் உங்களையே பாத்துட்டுப் போயிருவாருங்க."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். நான் விலகிக்கொள்கிறேன் என்று வாத்தியாரிடம் சொன்னேன். சொல்ல மனமே இல்லை. ஏனென்றால் எனக்கும் அது முதல் அரங்கேற்றம் மாதிரிதான்.

"யாரும் வெலக வேண்டாமுங்க" என்றார் அவர். "வட்டத்துல நிக்கறவங்களுக்கு முன்னால பின்னாலன்னு ஒண்ணும் கெடையாது. ஃபிளெக்ஸ் ஒட்டுனவங்க வந்து ஆடப் போறதில்லீங்க." சரசு பழைய இடத்திலேயே என் பக்கத்தில் நின்றாள், ஆனால் உள்ளங்கையில் தட்டும்போது என் கையைப் பட்டும் படாமலும் தொட்டாள். பளீரென்று அடித்திருந்தால் இத்தனை வலித்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழும் நேரத்தில் ஆரம்பித்தோம். எல்லாருக்கும் ஒரே பச்சைச் சேலை, தலையில் மல்லிகை. என் முடியில் பூ நிற்காது. சவுரி வைத்து, கொண்டை போட்டு, கைக்குக் கிடைத்த ஊசியெல்லாம் குத்தி இரண்டு பெண்கள் சேர்ந்து அதை நிறுத்தினார்கள். தலையை ஆட்டினால் வலிக்கும், ஆனால் பூ நின்றது. வள்ளி கல்யாணம் என்பதால் உறவுக்காரப் பெண்கள் பழத்தட்டும் பூத்தட்டுமாகச் சீர் கொண்டுவந்து கோயில் வாசலில் வைத்திருந்தார்கள். சரசு மட்டும் கூட்டத்தின் தலைகளை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் இன்னும் வந்து சேரவில்லை.

முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு நன்றாகப் போயின. அதற்குப் பிறகுதான் கவனித்தேன். நாங்கள் வட்டமாகச் சுற்றினோம். கூட்டமும் எங்களோடு சுற்றியது. நான் கிழக்கே வந்தால் போன் எல்லாம் கிழக்கே, வடக்கே போனால் போன் எல்லாம் வடக்கே. கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிறு சீக்கிரமே அறுந்தது. பையன்கள் செல்ஃபி எடுக்க உள்ளே நெருக்கினார்கள். "அக்கா, இங்க ஒரு லுக்கு, அக்கா!" முன்வரிசையில் உட்கார்ந்திருந்த குழந்தைகளை மிதித்துவிடுவார்கள் போலிருந்தது. யாரோ சரசுவின் சேலையை மிதித்தார்கள், அவள் தடுமாறி என் மேல் சாய்ந்து நிமிர்ந்தாள். அவள் முகம் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. பின்னால் நின்று பார்த்த காங்கேயத்து உறவுகளுக்கு எங்கள் தலைகூடத் தெரிந்திருக்காது.

கமிட்டிக்காரர் மைக்கில், "பின்னால போங்க, பின்னால போங்க" என்று கத்தினார். ஒருவரும் நகரவில்லை. பாட்டை நிறுத்தவும் முடியாது. எங்கள் வாத்தியாரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. கும்மி ஆரம்பித்தால் வள்ளிக்குக் கல்யாணம் முடிக்காமல் வட்டத்தைக் கலைக்கக் கூடாது. பெண்ணைப் பாதி வழியில் காட்டில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதா என்பார். கதை அப்போது யானை வருகிற இடத்தில் இருந்தது. கல்யாணத்துக்கு இன்னும் தூரம். அவர் பாடிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

பிள்ளைகளே, நீங்கள் கேட்ட கேள்விக்கு இங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறேன். கால் அடவு போட்டுக்கொண்டிருந்தது, தலைக்குள் கணக்கு ஓடியது. அப்படியே ஆடிக்கொண்டிருந்தால் வட்டம் உடையும். கோயிலுக்குள் ஓடினால் பாதிக் கூட்டம் என் பின்னால் வரும், மீதிக் கூட்டம் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும், இந்தப் பெண்கள் யாருக்காக ஆடுவது? மைக்கைப் பிடுங்கித் திட்டலாம். திட்டு வாங்கிய கூட்டம் கைதட்டாது, விசில்தான் அடிக்கும். கூட்டத்துக்கு வேண்டியது நான். நான் எங்கே இருக்கிறேனோ அங்கே அது இருக்கும், நான் எப்படி இருக்கிறேனோ அப்படி இருக்கும். அது மட்டும்தான் என் கையில் இருந்த பிடி.

வட்டத்தை விட்டு வெளியே வந்தேன். பையன்கள் ஆவென்று சூழ்ந்தார்கள். நான் புழுதியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்திருப்பவளோடு நின்றுகொண்டு செல்ஃபி எடுக்க முடியாது. எடுத்தால் படத்தில் என் கொண்டைதான் விழும். ஒருவன் குனிந்தான். "உக்காந்து எடு கண்ணு, எங்கயும் போகமாட்டேன்" என்றேன். உட்கார்ந்தான். அவன் பின்னால் இன்னும் நாலு பேர் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் நின்ற பெரியவரைப் பார்த்து, "சாமி, நாமெல்லாம் பொண்ணு ஊட்டுக்காரங்க. நாமளே மறைச்சுக்கிட்டு நின்னா மத்தவங்க கல்யாணத்தை எப்படிங்க பாக்கறது?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே துண்டை விரித்து உட்கார்ந்தார். பின்னால் இருந்தவர்களை அவரே திரும்பி அதட்டி உட்கார வைத்தார். கயிறும் மைக்கும் செய்யாததை அந்த ஒரு துண்டு செய்தது. பனியனின் பின்னலைப் பிரித்தால் ஒரு வரிசை போய் அடுத்த வரிசை போகிற மாதிரி, கூட்டம் வரிசை வரிசையாகக் கீழே இறங்கியது.

உட்கார்ந்த பிறகு சும்மா விட்டிருந்தால் போன் மறுபடி என் பக்கம் திரும்பியிருக்கும். வேலை இல்லாத கூட்டம்தான் வம்புக்கு வரும். ஆகவே வேலை கொடுத்தேன். என் கையால் கும்மித் தாளத்தைத் தட்டினேன். பக்கத்தில் இருந்தவர்கள் தட்டினார்கள். மைக் இல்லாமல், கல்யாண மண்டபத்தில் பழகிய குரலில் ஒவ்வொருத்தராகச் சொல்ல ஆரம்பித்தேன். "அந்தா வர்றாங்க பாருங்க, பவர் டேபிள்ல தைக்கறாங்க, நாலு மைல் நடந்து வந்து பழகுனவங்க. அவங்களுக்குத் தட்டுங்க! இவங்க மூணு கொழந்தைக்கு அம்மா, யானைக்குப் பயப்படற மாதிரியா இருக்கறாங்க? இப்ப வர்றது எங்க சரசு. உங்க சட்டைல ஒரு ஓட்டை இருந்தாலும் அங்க இருந்தே கண்டுபிடிச்சிருவாங்க, போனை அவங்க பக்கம் திருப்புங்க!" பையன்கள் சிரித்தார்கள். போன்கள் திரும்பின. காங்கேயத்துக்காரர்கள் எங்கிருந்தோ "சரசு!" என்று கத்தினார்கள்.

யானை வந்தது, வள்ளி பயந்தாள், வட்டம் நிமிர்ந்து சுழன்றது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. வேலையைச் சரியாகச் செய்துவிட்டேன் என்று தெரிந்தது. அதோடு, மாதக்கணக்கில் பழகிய என் அரங்கேற்றம் முடிந்துவிட்டது என்பதும் தெரிந்தது. தட்டிக்கொண்டே அழுதேன். பக்கத்தில் இருந்த பெரியவர், வள்ளிக்காக அழுகிறேன் என்று நினைத்துத் தானும் மூக்கை உறிஞ்சினார்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். கும்மியில் ஒருவர் விலகினால் இரண்டு பக்கமும் ஓர் எட்டு நகர்ந்து இடைவெளியை மூடிவிட வேண்டும். யாருக்காவது மயக்கம் வரும், சேலை அவிழும், அதற்காகவே பயிற்சியில் இதை வாத்தியார் மறக்காமல் செய்து பார்க்க வைப்பார். எங்களுக்குத் தூக்கத்தில்கூட வரும். ஆனால் வட்டம் என் முன்னால் வந்தபோது அதில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது. தவறிப் போயிருக்கும், அடுத்த சுற்றில் மூடிவிடுவார்கள் என்று நினைத்தேன். அடுத்த சுற்றிலும் அந்த இடம் அப்படியே வந்தது. திரும்பும் அடவில் சரசு கையை நீட்டி, அங்கே ஆள் இருப்பது போலவே காற்றில் தட்டிவிட்டுத் திரும்பினாள். அந்தப் பக்கம் இருந்த பெண்ணும் அப்படியே. வாத்தியார் பார்த்தார். மூடச் சொல்லவில்லை.

கல்யாணப் பாட்டுக்கு முன்னால் வட்டம் என் எதிரில் வந்தபோது சரசு தாளத்தை விடாமல் கேட்டாள்: "எந்திரிங்க! நம்ம ஊட்டுக் கல்யாணத்துல விருந்தாளியாட்ட உக்காந்துட்டு இருக்கறீங்க?"

எழுந்தேன். பெரியவர் என் முழங்கைக்குக் கீழே ஒரு முட்டுக் கொடுத்தார். செல்ஃபிக்கு வந்த பையன்களே காலை மடக்கி வழி விட்டார்கள், ஒருவன்கூட எழுந்திருக்கவில்லை. எனக்கென்று வைத்திருந்த இடத்தில் போய் நின்றேன். அடுத்த அடவில் சரசுவின் கை என் உள்ளங்கையில் விழுந்தது, பளீரென்று. அன்று வள்ளிக்குக் கல்யாணம் ஆனபோது என் சத்தம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது.

முடிந்ததும் சீர்த்தட்டுகளைப் பிரித்து எல்லாருக்கும் பழம் கொடுத்தார்கள். நான் கொண்டையில் இருந்த ஊசிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். சரசுவின் வீட்டுக்காரர் கூட்டத்தைத் தாண்டி வந்தார். சாயப்பட்டறையிலிருந்து நேராக வந்திருக்கிறார், விரல் எல்லாம் நீலம். தாமதமாக வந்தவருக்கு, எல்லாரும் உட்கார்ந்திருந்ததால் நின்ற இடத்திலிருந்தே நன்றாகத் தெரிந்ததாம்.

சரசு முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். "எப்படிங்க இருந்துச்சு?"

அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "நல்லாத்தான் இருந்துச்சு. நீ மட்டும் நடுவால தப்புத் தப்பாப் பண்ணீட்டு இருந்த. ஆளே இல்லாத பக்கம் கைய நீட்டி நீட்டிக் காத்துல தட்டற. நானும் இப்பச் சரி பண்ணிருவா, இப்பச் சரி பண்ணிருவான்னு உன்னையவே பாத்துட்டு நிக்கறேன், பண்ணவே மாட்டேங்கற."

சரசுவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! உன்னையவே பாத்துட்டு நிக்கறேன் என்று அவர் சொன்ன இடத்திலேயே அவள் நின்றுவிட்டாள், மீதி எதுவும் காதில் விழவில்லை. பிறகு என் தோளைத் தொட்டுக் காட்டி, "அது காத்து இல்லீங்க. இந்த அக்கா எடமுங்க" என்றாள்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஊரெல்லாம் என் ஃபிளெக்ஸ். அவர் சைக்கிளை நிறுத்தியதே அதில் ஒன்றின் காலடியில்தான். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மரியாதையாகக் கேட்டார்.

"அப்படீங்களா! நீங்களும் ஆடுனீங்களா? நான் கவனிக்கலீங்களே."